மருமகனுக்கு ஒரு நேர்முகம்

“நான் இப்ப மாமி இல்லை. கனடாக்காரன். விளங்குதோ?”

“ஓம் மாமி,” என்றான் கோகுலன்.

நாகேஸ்வரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவனைப் பார்த்தார்.

“ஓம் சேர்,” என்று திருத்திக்கொண்டான்.

கொக்குவிலில் வீட்டு முன்னறையையே அலுவலகமாக வைத்திருக்கும் குடிவரவுச் சட்டத்தரணி நாகேஸ்வரி. ஊரார் பிள்ளைகள் எத்தனையோ பேரை வெளிநாட்டுப் புருசன்மாரிடம் அனுப்பிவைத்தவர். இன்றைக்கு மேசையில் கிடந்தது சொந்த மகள் நிவேதனாவின் கோப்பு.

விசா அதிகாரிக்குச் சந்தேகம். பெண் பார்த்த ஒன்பதாம் நாள் தாலி ஏறியிருக்கிறது; ஒருவரைப் பற்றி மற்றவருக்கு ஒன்றுமே தெரிந்த மாதிரி இல்லை; இது விசாவுக்காகச் செய்த கலியாணமாக இருக்கலாம் என்று எழுதி, இரண்டு பேரையும் நேர்முகத்துக்கு அழைத்திருந்தார். அதில் தவறினால் பிள்ளை இங்கே, லீவில் வந்து நிற்கிற மாப்பிள்ளை கனடாவிலே.

நாகேஸ்வரிக்கு இது புதுச் சண்டை இல்லை. காதலித்துக் கட்டினால்தான் கலியாணம் என்று நம்புகிற நாட்டுக்காரருக்கு, பேசிச் செய்கிற கலியாணமும் கலியாணந்தான் என்று வருசக்கணக்காக எழுதிவருகிறவர். மகளுக்கு எழுதியது எல்லாவற்றிலும் விசேஷம். ‘எங்கள் சமூகத்தில் தாலிக்குப் பிறகே அறிமுகம்’ என்று தொடங்கி நாலு பக்கத்துக்கு விளாசியிருந்தார்.

விளாசாமல் என்ன? கணவர் கனகலிங்கம் மானிப்பாய்த் தரகரிடமிருந்து கொண்டுவந்த சாதகக் கட்டைப் பிரித்து, ஒவ்வொன்றாகத் தட்டிக்கழித்து, கோகுலனைப் பொறுக்கியெடுத்தது அவர்தானே. பிள்ளை படத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “உங்கடை விருப்பம் அம்மா,” என்றாள். அந்தளவு அடக்கம்.

மகளிடம் கேள்விகளைக் கேட்டு முடித்து உள்ளே அனுப்பியாயிற்று. இனி மருமகன்.

“சின்னச் சின்ன விசயமாச் சொல்லவேணும் தம்பி. பெரிசாச் சொல்லுறதை ஆரும் பாடமாக்கலாம். சரி, மனுசி தேத்தண்ணி எப்பிடிக் குடிக்கிறவ?”

“ஆறவிட்டுத்தான் குடிப்பா. குடிச்சுப்போட்டு, ஆறின தேத்தண்ணியைத் தந்திட்டியள் எண்டு சண்டை பிடிப்பா.”

நாகேஸ்வரி சரி போட்டார்.

“கோவம் வந்தால்?”

“கதைக்கமாட்டா. ஆனால் ‘நான் உங்களோடை கதைக்கேல்லை’ எண்டு நிமிசத்துக்கொருக்கா மெசேஜ் வரும்.”

கனடாக்காரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு அடுத்ததைக் கேட்டார்.

“எதுக்குப் பயம்?”

“மாட்டுக்கு!” கோகுலனுக்கு உற்சாகம் ஏறிவிட்டது. “கீரிமலையிலை ஒரு நாம்பன் சும்மா தலையை ஆட்டினது. அதுக்குச் செருப்பையும் கேணியடியிலை விட்டிட்டு ஓடின ஓட்டம்! நான் திரும்பிப் போய்ப் பாக்கிறன், மாடு அதிலை ஒண்டைச் சப்பிக்கொண்டு நிக்குது.”

சிரித்துக்கொண்டே எழுதிய நாகேஸ்வரியின் பேனை பாதிவழியில் நின்றது.

கலியாணத்துக்குப் பிறகு இவர்கள் கீரிமலைப் பக்கமே போகவில்லை.

ஆனால் மூன்று வருசத்துக்கு முந்தி ஒருநாள் நிவேதனா வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தாள். நல்லூர் வாசலில் செருப்பைக் களவெடுத்துவிட்டார்கள் என்றாள். அந்தக் கள்ளன் நாசமாய்ப் போக என்று நாகேஸ்வரி ஒரு கிழமையாகத் திட்டித் தீர்த்தார்.

கனடாக்காரன் எழும்பிப் போய், கதிரையில் மாமி வந்து உட்கார்ந்துவிட்டது கோகுலனுக்கும் தெரிந்திருக்கவேண்டும். அவன் எழும்பி நின்றான்.

“நிவேதனா!”

வந்தவள் இரண்டு முகங்களையும் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

“செருப்புக் களவு போனது எங்கை பிள்ளை?”

“கீரிமலையிலை அம்மா.”

“கள்ளன் ஆர்?”

“மாடு.”

“அப்ப என்ன கோதாரிக்குப் பெண் பார்த்த அண்டைக்குத்தான் முதல் கண்டனாங்கள் எண்டு விசாப் போமிலை சொன்னனீங்கள்? கனடாவுக்குப் பொய் சொன்னால் என்ன நடக்கும் எண்டு தெரியுமோ?”

“கனடாவுக்குப் பொய் சொல்ல நினைக்கேல்லை மாமி,” என்றான் கோகுலன். “உங்களுக்குத்தான் சொன்னது. போமை நிரப்பினது நீங்களெல்லோ.”

பெற்ற தாய்க்குச் சொல்ல நிறைய இருந்தது. வாயைத் திறந்தார். சட்டத்தரணி முந்திக்கொண்டார்.

“மெசேஜுகள் கிடக்கோ?”

“ஒண்டும் அழிக்கேல்லை மாமி.”

“படங்கள்?”

“நிறைய. மாட்டோடையும் ஒண்டு இருக்கு.”

நாகேஸ்வரி தன் நாலு பக்கத்தையும் எடுத்து, ஒருமுறை தடவிப் பார்த்து, இரண்டாகக் கிழித்தார். வயிறு எரிந்தது. வழக்கோ தேனாக இனித்தது.

“முதல்லை பிழையைத் திருத்தி, முழு உண்மையையும் எழுதுவம். உங்கடை விசயம் துவக்கத்திலையிருந்தே தெரிஞ்ச பெரியாக்கள் ஆரும் ஒரு சத்தியக்கடதாசி தந்தால் காணும். கனடாக்காரன் மறுகதை கதைக்கமாட்டான்.” குரலைத் தணித்தார். “ஆனால் ஒண்டு. மாமாவின்ரை காதுக்கு இது போகப்படாது. தரகரிட்டை நடையாய் நடந்து சாதகம் கொண்டந்த மனுசன். தாங்காது.”

கோகுலன் நிவேதனாவைப் பார்த்தான்.

நிவேதனா குசினிப் பக்கம் பார்த்தாள்.

தேத்தண்ணித் தட்டத்தோடு வாசலில் நின்ற கனகலிங்கம், ஒரு சொட்டும் சிந்தாமல் பின்பக்கமாக நடக்கத் தொடங்கியிருந்தார்.

“இஞ்சேருங்கோ, நில்லுங்கோ,” என்றார் நாகேஸ்வரி. “அதை உதிலை வைச்சுப்போட்டு, சத்தியக்கடதாசிக்கு அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு வந்து இருங்கோ.”