வெள்ளைத்தாள் ஒட்டிய இசைத்தட்டு

அபூர்வமான சோல் என்ற பழைய அமெரிக்கப் பாட்டு இசைத்தட்டுகளுக்கு விலை சொல்வதில் ரொறன்ரோவில் பரராசசிங்கத்தை மிஞ்ச ஆளில்லை. ஊசி தட்டில் படுமுன்னரே விலை சொல்லிவிடுவார் என்று அவரே சொல்லுவார்.

அந்தச் சனிக்கிழமை பார்க்டேல் நடன மண்டபத்தில், ஆட்டத்துக்கு இசைத்தட்டு போடும் குஞ்சித்தம்பி போட்ட தட்டுக்குத் தூண்கள் மட்டும்தான் ஆடவில்லை. பாட்டின் பெயரைப் போட்டியாளர் அறியக்கூடாதென்று, தொழில் வழக்கப்படி, லேபிளின்மேல் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தான்.

"என்ன பாட்டடா உது?" என்றார் பரராசசிங்கம்.

"சொல்லமாட்டன், அண்ணன்."

"தட்டைத் தா. என்ரை பெட்டியிலை விரும்பின இருபதை எடு."

"பெட்டியோடை தாங்கோ, அண்ணன்."

பத்து வருடச் சேகரிப்பு. பரராசசிங்கம் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தார்.

வீட்டில் வெந்நீர் தொட்டுத் தாளை மெல்ல உரித்தார். உள்ளே நீல மையில் ஏதோ கிறுக்கியிருந்தது. கண்ணாடியைக் காணவில்லை. மனைவியைக் கூப்பிட்டார்.

"ரதி, உதை ஒருக்கா வாசியும்."

ரதி எழுத்துக்கூட்டி வாசித்தாள்: "'குப்பை. பத்துச் சதம்.'"

"எந்த மடையன்ரை வேலை உது?"

ரதி லேபிளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"போன கோடையிலை பழைய சாமானுகளை வாசலிலை பரப்பி வித்தனாங்கள் எல்லே? உங்கடை கையெழுத்து எப்பவும் முத்து முத்துத்தான்."