மூன்றாவது ஒட்டு

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர பைக் பந்தயத் திடலில், கூடாரத்துக்குள் உட்கார்ந்து, இடுப்பருகே தேய்ந்து ஓட்டையான தோல் உடையை ஆத்திரத்தோடு தைத்துக்கொண்டிருந்தாள் எல்ஸ்பெத்.

“பெல்ஜியத்துல ஒரு ஒட்டு, ஜெர்மனியில ஒரு ஒட்டு, இங்க மூணாவது. இந்த வருஷம் ஒட்டுப் போட்டதுதான் மிச்சம். வெட்கமா இல்ல?”

கணவன் ரூடி தலையைக் குனிந்துகொண்டான்.

“நேத்து ஒத்திகையில, அந்தக் காட்டு வளைவுல என்னய்யா பண்ணின? கொஞ்சமாவது என்னை நினைச்சுப் பார்த்தியா?”

“உன்னை நினைச்சுதான் எல்ஸ்பெத், பிரேக்கைப் பிடிச்சேன்.”

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். உடையைத் தானே மாட்டிக்கொண்டு, வெளியே நின்ற அவனுடைய பைக்கோடு பிணைத்திருந்த சைட்கார் பலகையில் ஏறி மண்டியிட்டாள்.

“வளைவுல வண்டி கவிழாம இருக்க, இடுப்பு ரோட்டுல உரச உரச நான் வெளிய தொங்கறது, நீ பிரேக் பிடிக்கறதுக்கா? இன்னிக்கும் பிடிச்சுப் பாரு, அடுத்த பந்தயத்துல வண்டி என் கையில. நீ தொங்கு!”