நாளைய சாட்சி

தொப்பிக்காரன் முதலில் துணைத் தலைவர் நம்குங்கின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினான். அதை மடித்து, பக்கத்துக் காரின் கூரைமேல் வைத்தான். பிறகுதான் மூக்கில் குத்தினான்.

துணைத் தலைவரின் ஓட்டுநர் பியோ காருக்குள் திரும்பி உட்கார்ந்து, வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். யோயிடோ ஹோட்டலின் நிலத்தடி வாகன நிறுத்தத்தில் வேறு ஆளில்லை. "கொஞ்சம் நடந்துட்டு வர்றேன், நீ உள்ளேயே இரு" என்று இறங்கிப் போன மனிதர், இப்போது தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டு நின்றார்.

"டேய், உன் கம்பெனி சிப்புல ஓட்டை இருக்குன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சே ஒரு வருஷமா வித்திருக்க." வயிற்றில் ஓர் உதை விழுந்தது. "என் தங்கச்சி எங்க இருக்கான்னு அவ போனே அந்தப் பொறுக்கிக்குக் காட்டிக் கொடுத்துச்சு. வீடு தேடி வந்து குத்திட்டான்டா."

'வாடிக்கையாளர் நம்பிக்கையே எங்கள் மூச்சு' என்று மேடைதோறும் முழங்கிய துணைத் தலைவரின் வாயிலிருந்து, ரத்தமும் எச்சிலும்தான் வந்தன.

வாங்கட்டும் என்றுதான் பியோவுக்கு முதலில் தோன்றியது. அவர் மகள் சேர்யோங் வைத்திருந்ததும் அதே சிப் போட்ட போன்தான். அந்த ஓட்டை வழியே எவனோ புகுந்து, அவள் யாருக்கும் காட்டாத படங்களை ஊருக்கே காட்டிவிட்டான். 'அவளே அனுப்பியிருப்பா' என்றது ஊர். அன்று அறைக் கதவைச் சாத்தியவள்தான். சாப்பாட்டுத் தட்டு மட்டும் உள்ளே போய் வெளியே வருகிறது.

போன மாதம் துணிந்து வாயைத் திறந்தார். "ஐயா, என் பொண்ணு போன்லயும் அந்த மாதிரி..."

"அடடா, பாவமே. புது மாடலுக்கு மாறச் சொல்லுப்பா. ஊழியர் குடும்பத்துக்குத் தள்ளுபடி உண்டு" என்றார் துணைத் தலைவர். இரக்கத்தில் அவர் எப்போதுமே பெரிய மனிதர்.

தலையை ஆட்டிவிட்டு வந்த பியோ, அன்றிலிருந்து நாளைக் காலைக்காகத்தான் காத்திருந்தார். நாளை நாடாளுமன்றக் குழு முன் துணைத் தலைவர் கையை உயர்த்திச் சத்தியம் செய்து, ஓட்டை முன்பே தெரியுமா என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். இன்று மதியமெல்லாம் வழக்கறிஞர்கள் அவருக்கு 'நினைவில்லை' என்று விதவிதமாகச் சொல்லப் பழக்கினார்கள். சத்தியத்துக்குப் பிறகு பொய் சொன்னால் சிறை என்பதையும் கடைசியில் மெதுவாகச் சொல்லிவைத்தார்கள்.

'தெரியும்' என்று அந்த வாய் ஒருமுறை சொன்னால் போதும். தப்பு அவள் மேல் இல்லை என்று ஊருக்குத் தெரியும், கதவு திறக்கும். பியோ அப்படித்தான் நம்பினார்.

மளுக்கென்றது. விலா எலும்பு. துணைத் தலைவர் தூணோடு சரிந்து தரையில் விழுந்தார். தொப்பிக்காரன் பக்கத்துக் காருக்கு அடியிலிருந்து ஓர் இரும்புக் குழாயை இழுத்தான்.

செத்தவர் சாட்சி சொல்ல முடியாது. பியோ டிக்கியைத் திறந்து, சக்கரம் கழற்றும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஓடினார்.

"நாளைக்கு அவர் உசுரோட வேணும்டா எனக்கு" என்றபடி முழு பலத்தோடு வீசினார். தொப்பிக்காரனின் தோள்பட்டை நொறுங்கியது. குழாய் உருண்டு ஓடியது. முழங்கையில் இன்னொரு போடு. அவன் அலறிக்கொண்டு துணைத் தலைவரின் ரத்தத்திலேயே வழுக்கி விழுந்தான்.

விழுந்தவன் பியோவைப் பார்க்கவில்லை. துணைத் தலைவரைப் பார்த்தான்.

"என்னங்கய்யா, இது நம்ம பேச்சுலயே இல்லையே" என்று முனகினான்.

மூன்றாவது அடிக்கு ஓங்கிய ஸ்பேனர் பியோவின் தலைக்கு மேலேயே நின்றுவிட்டது.

துணைத் தலைவர் உடைந்த பல்லைத் துப்பிவிட்டு பியோவை முறைத்தார். "மடையா, வேலை பாதியில நிக்குது. வெறும் மூக்குக்கும் விலாவுக்கும் எந்த டாக்டர் என்னைப் படுக்கையில போடுவான்? கால் போனாதான் நாளைக்கு நான் அந்தக் குழு முன்னாடி போக வேண்டாம்."

பியோ ஸ்பேனரை இறக்கவில்லை.

துணைத் தலைவர் கோட்டைச் சரிசெய்துகொண்டார். வலது காலை வாகாக நீட்டி வைத்தார். காரை எடுக்கச் சொல்லும் அதே குரலில் சொன்னார்:

"கையில வச்சுக்கிட்டு என்ன பார்க்கிற? நீயே முடி."