தண்ணீர்க் கோடு

கொதிகலனில் தண்ணீர் அளவைக் காட்டும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர்க் கோட்டைக் காணவில்லை. இன்ஜினை ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

சற்று முன்தான் தன் பக்கத்து வால்வைத் திறந்து தாராளமாகத் தண்ணீர் விட்டிருந்தார். அதற்குள் வற்றிவிட்டதென்றால் எங்கோ ஓட்டை. கீழே நெருப்பு, உள்ளே தண்ணீர் இல்லை என்றால் கொதிகலன் வெடித்துவிடும்.

எதிர்ப்பக்கம் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தவன் கூடப்பிறந்த தம்பி. வீட்டுக் கல்யாணத்தில் சரியாகக் கூப்பிடவில்லை என்று தொடங்கிய சண்டையில் பேச்சுவார்த்தையே நின்றுபோயிருந்தது. காட்சிப் பொருளாகத் துருப்பிடித்துக் கிடந்த இந்தப் பழைய நீராவி இன்ஜினை இருவரும் சேர்ந்துதான் உயிர்ப்பித்தார்கள். சொல்ல வேண்டியதை எல்லாம் இரும்பிடம்தான் சொன்னார்கள்.

"கரி போதும்னு யாராவது சொல்லுங்கப்பா," என்றார் அண்ணன், கைப்பிடியைப் பார்த்து.

"எங்களுக்கும் கண்ணு இருக்கு," என்றான் தம்பி, கரி அள்ளும் ஷவலிடம்.

இன்று சோதனை ஓட்டம். பின்பெட்டியில் ரயில்வே அதிகாரி உட்கார்ந்திருக்கிறார். நடுவழியில் நெருப்பைக் கொட்டிவிட்டு நின்றால், இந்த இன்ஜின் மறுபடியும் காட்சிப் பொருள்தான். அப்புறம் ஜென்மத்துக்கும் ஓடாது.

ஜன்னலில் வைத்திருந்த கையில் சூடாகச் சில துளிகள் தெறித்தன. அதையெல்லாம் கவனிக்கும் நிலையில் அவர் இல்லை. பிரேக்கை இழுத்து வண்டியை நிறுத்தினார். நெருப்பைக் கொட்டும் நெம்புகோலில் கை வைத்தார்.

தம்பி பாய்ந்து வந்து அந்தக் கையைப் பிடித்தான்.

"பொறுண்ணே!"

"விடுடா! தண்ணியே இல்லடா. நீ குதிச்சு ஓடு!"

தம்பி ஓடவில்லை. கண்ணாடிக்கு அடியில் இருந்த சோதனைக் குழாயைத் திருகினான். தண்ணீர் இருந்தால் கொட்டும், இல்லாவிட்டால் வெறும் ஆவி.

தண்ணீர் சீறிக்கொண்டு கொட்டியது.

கண்ணாடி வற்றவில்லை, உச்சிவரை நிரம்பியிருந்தது. அடியோடு வற்றினாலும் கோடு தெரியாது, முழுக்க நிரம்பினாலும் தெரியாது. புகைபோக்கி வழியாகக்கூடத் தண்ணீர் தெறித்திருந்தது; அவர் கையில் பட்டதும் அதுதான்.

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதிகாரி பெட்டியிலிருந்து தலையை நீட்டி, என்ன ஆச்சு என்று கத்தினார்.

"நான் கொஞ்ச நேரம்தானேடா வால்வைத் தொறந்தேன்? இவ்வளவு தண்ணி எப்படிடா வந்துச்சு?"

தம்பி தன் பக்கத்து வால்வைப் பார்த்தான். கரி படிந்த கையால் தலையைச் சொறிந்துகொண்டான்.

"நானும்தான் தொறந்தேண்ணே."