பத்தொன்பது மில்லிமீட்டர்

மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தாள்.

எம்.ஆர்.ஐ. குழாய்க்குள், முகத்துக்கு நான்கு விரல் மேலே வெள்ளைக் கூரை. காதடைப்பையும் மீறி மெஷின் தட்டிக்கொண்டிருந்தது.

பதினெட்டு நொடி. விடலாம்.

இதயத்தையும் நுரையீரலையும் ஒரே மூச்சில் சேர்த்துப் படமெடுக்கும் முறை. அவளுடைய மூன்று வருட ஆராய்ச்சி. நோயாளிகளின் படங்களோடு ஒப்பிட நோயில்லாதவர்களின் படங்களும் வேண்டும். இன்று வருவதாகச் சொன்னவர் வரவில்லை. மெஷின் சும்மா நிற்க வேண்டாம் என்று அவளே கம்மலைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெஜினா, டெக்னீஷியன். ஏழு வருடப் பழக்கம். படத்துக்குப் படம் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பவள்.

வெகுநேரமாகப் பேச்சில்லை.

பிறகு ஸ்பீக்கரில் குரல்.

"அக்கா, லேசா அசைஞ்சுட்டீங்க போல. இன்னொரு தடவை எடுத்துக்கறேன்."

அவள் அசையவில்லை.

படத்தில் ஏதாவது தெரிந்தால் நோயாளிகளிடம் இருவரும் சொல்கிற வாக்கியம் அது.

வெளியே வந்தபோது ரெஜினா நாற்காலியை விட்டு எழுந்து ஒதுங்கி நின்றாள்.

அவள் உட்கார்ந்தாள்.

திரையில் அவளுடைய இதயம் சுருங்கி விரிந்தது. இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் நடுவிலிருக்கும் சுவர் தடித்திருந்தது. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குக் கோடு இழுத்தாள்.

பத்தொன்பது மில்லிமீட்டர்.

பன்னிரண்டைத் தாண்டக் கூடாது.

மறுபடி அளந்தாள். பத்தொன்பது.

ஒன்றும் தோன்றவில்லை. வேறு யாருடையதோ போல இருந்தது. படிவத்தில் அந்த எண்ணை அடித்தாள். எழுத்துப்பிழை இருக்கிறதா என்றுகூடச் சரிபார்த்தாள்.

அண்ணன் குருநாதன் நினைவுக்கு வந்தான். பதினேழு வயதில் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தவன் மைதானத்திலேயே விழுந்தான். எழவில்லை. வெயில் தாங்கவில்லை என்றார்கள். இத்தனை வருடமும் வீட்டில் வெயிலைத்தான் திட்டினார்கள்.

வெயில் இல்லை.

இது குடும்பத்தில் இறங்கும் நோய். பெற்றவரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வெளியே ஒன்றும் தெரியாது. வேகமாக ஓடும்போது சிலருக்கு இதயம் நின்றுவிடும்.

கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நாற்பத்தாறு.

மகிழினிக்குப் பதினான்கு வயது. இன்று ஸ்டேடியத்தில் மாவட்டப் போட்டி. எண்ணூறு மீட்டர் ஓட்டம். பத்தே முக்காலுக்கு.

மகளின் பி.டி. மாஸ்டரைக் கூப்பிட்டாள். இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. மூன்றாவதில் எடுத்தார். பின்னால் மைக் சத்தம்.

"சார், மகிழினியை இன்னைக்கு ஓட விடாதீங்க."

நாளைக்குப் பால் வேண்டாம் என்று சொல்வது போல இருந்தது அவள் குரல்.

"ஓடி முடிச்சிருச்சுங்க மேடம். பொண்ணு ஃபர்ஸ்ட்டுங்க."

எங்கே இருக்கிறாள் என்று கேட்டாள். இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள் என்றார். மூன்று மணிக்கு ஃபைனல் என்றார். அதுவும் வேண்டாம் என்றாள். அவர் ஏன் என்று ஆரம்பிப்பதற்குள், போனை மகளிடம் கொடுக்கச் சொன்னாள்.

போன் கை மாறியது.

மகளால் பேச முடியவில்லை. மூச்சு வாங்கியது. நடுவே சிரிப்பும்.

இந்தப் பக்கம் அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

வேகமான மூச்சு. கொஞ்சம் மெதுவாக. இன்னும் மெதுவாக.

"அம்மா? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன். எந்திரிக்காத. அங்கயே உக்காந்திரு. வந்துட்டே இருக்கேன்."

ரெஜினா வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து வைத்திருந்தாள்.

வந்துட்டே இருக்கேன் என்றவள், திரையில் சுருங்கி விரியும் தன் இதயத்தைப் பார்த்தபடி, எழ முடியாமல் நாற்காலியிலேயே இருந்தாள்.