கதவில் ஏறும் பெயர்

நீதிமன்ற வராந்தாவின் பெஞ்சைச் சாரல் பாதி நனைத்துவிட்டது. காய்ந்த பாதியில் சைதா கால்களை ஒடுக்கி உட்கார்ந்திருக்கிறாள். எதிர்க் கதவில் பியூன் ஜட்ஜின் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். திருப்புளி கிறீச்சிடுகிறது. மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் இருக்கும் வீட்டை மைத்துனன் பிடுங்கிவிடக் கூடாதென்று அவள் வழக்காடத் தொடங்கி ஆறு வருஷம். அடுத்த மாதம் தீர்ப்பு என்றிருந்தார்கள். குமாஸ்தா ஜெபதாஸ் ஈரம் படாமல் கோப்புக்கட்டை மார்போடு அணைத்தபடி வருகிறார். “ஜட்ஜ் ஊ சோ லின் எங்க போய்ட்டாரு?” என்கிறாள். “மோல்மேனுக்கு மாத்திட்டாங்க சைதாக்கா. பரீட்சை எழுதி ஜட்ஜ் ஆனாலும், மேலேருந்து ஆர்டர் வந்தா மூட்டை கட்ட வேண்டியதுதான். புதுசா வந்திருக்கற அம்மா இதை முதல் பக்கத்துலேருந்து படிக்கணும்.” அவர் கோப்பைத் தட்டுகிறார்; தூசி கூடப் பறக்கவில்லை, அவ்வளவு ஈரக்காற்று. சைதாவின் விரலில் தஸ்பீஹ் ஜெபமாலையின் மணி நகராமல் நிற்கிறது. ஊ சோ லின்னுக்கு ஓயாத இருமல். அவருடைய இருமல் தீரவும் மனம் நேராக நிற்கவும், இரண்டு வருஷமாக ஐந்து வேளைத் தொழுகையிலும் பெயர் சொல்லி துஆ கேட்டிருக்கிறாள். அவருக்கு முன்பிருந்தவருக்கும் கேட்டாள். இரண்டு பர்மியப் பெயரையும் தமிழில் எழுதித் தந்தது ஜெபதாஸ்தான். இப்போதும் அவர் சட்டைப்பையில் பேனாவைத் தேடுகிறார். “இந்த அம்மா பேரையும் எழுதித் தரவா?” பியூன் புதுப் பலகையைப் பழைய ஓட்டைகளிலேயே வைத்து முடுக்குகிறார். திருகாணி தளர்வாகச் சுழல்கிறது. சைதா எழுந்து சேலையின் ஈரத்தைப் பிழிகிறாள்.

“வேணாம் தம்பி. இனிமே அந்த நாற்காலிக்காகவே துஆ கேட்டுக்கறேன்.”