லைனை அடைத்த நாள்

"என்ன கருகல் வாடை?" பாளையங்கோட்டை ஆபீசிலிருந்து வந்ததும் கேட்டாள் தஸ்லிமா.

வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர்களுக்கு டிரைவர் மென்பொருள் எழுதும் அவள் கணவன் முஹ்சின் பேச்சை மாற்றினான். "இன்னைக்கி, நெட்ல வர்ற தகவலை வாங்கித் தர்ற நெட்வொர்க் கார்டு ஒண்ணு ஓயாமக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கம்ப்யூட்டரை வேலையே பாக்கவிடல. முதல் கூப்பாட்டுலயே அதோட லைனை அடைக்கும்படி எழுதிட்டேன். இனி கம்ப்யூட்டரே அப்பப்பப் போய் மொத்தமாக் கேட்டுக்கிடும்."

"நானும் பத்து மணிக்கு அதைத்தான் செஞ்சேன், மச்சான்."

"அங்கன உன்னை யாரு தொந்தரவு பண்ணுதா?"

"சீனி எங்க, சார்ஜர் எங்கன்னு ஒரு மணி நேரத்துல பதினேழு போன். உங்க லைனை அடைச்சிட்டேன். இப்ப மொத்தமாக் கேக்கேன். கடைசியா எதுக்குக் கூப்பிட்டீங்க?"

முஹ்சின் தலையைச் சொறிந்தான்.

"அடுப்புல வச்ச பாலை எப்ப இறக்கணும்னு கேக்கத்தான். நீ எடுப்பன்னு காத்துக்கிட்டே இருந்தேன்."